ஸர் பி. என். ராவ்: ஓட்டில்லாத ஆலோசகர்

சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறும்போது கை தூக்குகிறவர்களைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். இன்ன ஷரத்துக்கு இன்ன பொருள், அதனால் இன்ன பலன் விளையும் என்று அவர்களுக்கு முன்கூட்டி எடுத்துச் சொன்னவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது நமது அபிப்பிராயம். பெரிய மசோதா ஒன்றை முதல் ஷரத்திலிருந்து கடைசி அட்டவணை வரையில் தாமே படித்து, ஒவ்வொரு சொல்லும் நாளை நீதிஸ்தலத்தில் என்ன பாடுபடும் என்று தாமே யோசித்து ஓட்டளிக்கும் அங்கத்தினர்கள் எந்தத் தேசத்திலும் சிலரே. மற்றவர்கள் பிறருடைய விளக்கத்தை நம்பித்தான் ஓட்டளிக்கிறார்கள். விளக்கம் சொல்லுகிறவர் நேர்மையானவராக இருந்தால் சபை பிழைக்கும். அவர் ஒரு பக்கத்து ஆளாக இருந்துவிட்டால், கை தூக்குகிறவர்கள் எவ்வளவு யோக்கியர்களாயிருந்தும் பயனில்லை.

நமது தேசத்தில் இந்த வேலையை எல்லாவற்றிலும் பெரிய சந்தர்ப்பத்தில் செய்தவர் ஸர் பெனகல் நரசிங்க ராவ். அரசியல் நிர்ணய சபையின் அரசியல் சட்ட ஆலோசகராக இருந்தவர். அரசியல் அறிந்தவர்களுக்கு அவர் பெயர் தெரியும். அவர் செய்த வேலை இன்னதென்று தெரிந்தவர் குறைவு. அவர் சபையின் அங்கத்தினர் அல்லர். அங்கே அவருக்கு ஓட்டும் இல்லை. பேசும் உரிமையும் இல்லை.

தென்காசி, குற்றாலம் பக்கத்தில் உள்ள நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். வயல் சம்பந்தம் உண்டு. குற்றாலத்து அருவியாய் விழுந்து வரும் சிற்றாறு இவ்வட்டாரத்து நஞ்சைகளுக்கு நீர் தருகிறது. இங்கே குடும்பச் சொத்து என்றால் பெரும்பாலும் நிலம்தான். 1937-ம் வருஷத்தில் டாக்டர் ஜி. வி. தேஷ்முக் கொண்டுவந்த ஹிந்து ஸ்திரீகள் சொத்துரிமைச் சட்டம் மத்திய சட்டசபையில் நிறைவேறிற்று. கணவனை இழந்தவளுக்கு அவன் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு, அதை அவள் ஆயுள் பரியந்தம் அனுபவிக்கலாம் என்றது அச்சட்டம். நோக்கம் நல்லது, ஆனால் சட்டம் எழுதப்பட்ட விதம் அரைகுறை. மசோதா ஒரு சபையில் பிப்ரவரியில் நிறைவேறி, மேல் சபையில் ஏப்ரலில் நிறைவேறுவதற்குள், ஏப்ரல் 1-ந் தேதி 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் மாகாணப் பகுதி அமுலுக்கு வந்துவிட்டது. அதன்படி விவசாய நிலத்தின் வாரிசு விஷயம் மாகாணங்களுக்குப் போய்விட்டது. மத்திய சட்டசபைக்கு அதில் கை வைக்க அதிகாரமில்லை. 1941-ம் வருஷம் ஏப்ரலில் பெடரல் கோர்ட்டும் அவ்வாறே அபிப்பிராயம் கூறிற்று.

முடிவு என்னவாயிற்று? தென்காசியில் மகனோடு வாழும் ஒரு விதவைக்கு, அச்சட்டப்படி, கணவன் விட்டுச் சென்ற வீட்டிலும் ரொக்கத்திலும் பங்கு உண்டு. சோறு போடுகிற வயலில் பங்கு இல்லை. சென்னை மாகாண சட்டசபை 1947-ம் வருஷத்தில் தனிச் சட்டம் இயற்றி விவசாய நிலத்துக்கும் அவ்வுரிமையை விஸ்தரித்த பிறகுதான் இந்த விபரீதம் நீங்கிற்று. ஐந்து மைல் மேற்கே போய்ச் செங்கோட்டையில் கேட்டால் அந்தப் பாதிச் சட்டம்கூடக் கிடையாது. அது அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். ஓட்டளித்தவர்கள் எவரும் விதவைக்குத் தீங்கு நினைக்கவில்லை. அரசியல் சட்டம் மாறுகிற வேளையில் இந்த மசோதாவின் கதி என்ன என்று அவர்களுக்கு நிதானமாக எடுத்துச் சொல்ல ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான். இந்தச் சட்டத்தின் சிக்கல்களை அவிழ்க்க 1941-ம் வருஷம் ஜனவரியில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. அதன் தலைவர்தான் ராவ்.

அவர் 1887-ம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி மங்களூரில் பிறந்தார். மங்களூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தென் கன்னட ஜில்லாவில் இருந்தது. தகப்பனார் வைத்தியர். ராவ் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறி, சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று டிரினிடி காலேஜில் சேர்ந்தார். ஜவாஹர்லால் நேருவும் அக்காலத்தில் அங்கே மாணவர். ராவின் சகோதரர்களும் சாமானியர்கள் அல்லர். பி. ராம ராவ் பின்னாளில் ரிசர்வ் பாங்கியின் கவர்னராக இருந்தார். பி. சிவ ராவ் பத்திரிகைத் தொழிலில் புகழ் பெற்று, சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார்.

நரசிங்க ராவ் ஐ. ஸி. எஸ். தேறி 1910-ல் வங்காளத்தில் உத்தியோகம் ஏற்றார். 1938-ல் ஸர் பட்டமும் பெற்றார். வேதாரணியத்தில் தொண்டர்கள் உப்பை முஷ்டியில் பிடித்துக்கொண்டு அடிபட்ட 1930-ம் வருஷத்திலும் சரி, தேசமே கொந்தளித்த 1942-லும் சரி, அவர் அன்னிய சர்க்காரின் சேவையில்தான் இருந்தார். இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. உத்தியோக வர்க்கத்தார் மீது தேசியவாதிகளுக்கு இருந்த சந்தேகம் வீணான சந்தேகம் அல்ல, அனுபவத்தில் வந்தது. அப்படியிருந்தும் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்துக்கு முதல் நகல் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. காரணம் அவருடைய அரசியல் அன்று. அவர் கற்றிருந்த தொழில்.

அந்தத் தொழிலை அவர் கற்றது அஸ்ஸாமில். 1925 முதல் சுமார் எட்டு வருஷம் அம்மாகாணத்து சட்டசபையின் காரியதரிசியாகவும் சட்ட இலாகாவின் அதிகாரியாகவும் இருந்தார். மந்திரி ஒருவர் மனத்தில் கலங்கலாய்க் கிடக்கும் எண்ணத்தை எடுத்து ஷரத்தாக வடிப்பதும், அந்த ஷரத்தைத் திரும்ப எடுத்துச் சாதாரண அங்கத்தினருக்குப் புரியும் பாஷையில் பிரித்துக் காட்டுவதும் அங்கே அன்றாட வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான வித்தைகள். முதலாவது வந்தவருக்கு இரண்டாவது வருவதில்லை என்பதை நமது கோர்ட்டுகளில் வக்கீல்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ராவுக்கு இரண்டும் வந்தன.

1935-ம் வருஷத்துச் சட்டம் அமுலாவதற்கு முன்னால், அதற்கு இசைய இந்தியச் சட்டங்கள் அனைத்தையும் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. எந்தச் சட்டத்தில் எந்த அதிகாரம் மத்திய சர்க்காருக்கு, எது மாகாணத்துக்கு என்று புத்தகம் புத்தகமாகப் புரட்டிப் பார்க்கும் வேலை. ராவ் அதை ஒன்றரை வருஷத்தில் முடித்தார். பிறகு 1939-ல் கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதியானார்.

1941-ல் ஹிந்து சட்டக் கமிட்டியின் தலைவராக வந்தபோது அவரிடம் கேட்கப்பட்டது கந்தலுக்கு ஒட்டுப்போடும் வேலைதான். கமிட்டி அதை மறுத்துவிட்டது. துண்டு துண்டாகச் சட்டம் செய்தால் ஒரு துவாரத்தை அடைக்கையில் மற்றொன்று திறக்கும். ஹிந்து சட்டம் முழுவதையும் பகுதி பகுதியாக எடுத்து ஒரே கோவையாகத் தொகுப்பதே வழி என்று அது கருதிற்று. 1944-ல் கமிட்டி மீண்டும் அமைக்கப்பட்டது. ராவ் தலைவர், துவாரகாநாத் மித்தர், ஜே. ஆர். கார்புரே, நமது சென்னையைச் சேர்ந்த டி. ஆர். வேங்கடராம சாஸ்திரி ஆகியோர் அங்கத்தினர்கள்.

அக்கமிட்டி வேலை செய்த முறையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதலில் கோவையின் நகலை எழுதி, விளக்கக் குறிப்புகளுடன் அச்சிட்டு, இந்திய பாஷைகளிலும் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். பிறகு 1945-ல் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை, லாகூர் முதலிய நகரங்களுக்குச் சென்று சாட்சியம் கேட்டார்கள். பண்டிதர்கள், வக்கீல்கள், மாதர் சங்கத்தார், வைதிகர் சபையார் எல்லோரும் வந்தார்கள். சில இடங்களில் கமிட்டிக்கு எதிராக ஆர்ப்பாட்டமும் நடந்தது. மகளுக்குப் பங்கு கொடுத்தால் குடும்பமே சிதறும் என்றவர்களின் வாதத்தையும், கொடுக்காததனால் சிதறிய பெண்களின் வாதத்தையும் கமிட்டி ஒரே காகிதத்தில் எழுதிக்கொண்டது. 1947-ல் வெளியான அறிக்கையுடன் துவாரகாநாத் மித்தரின் மாறுபட்ட அபிப்பிராயமும் சேர்ந்தே வந்தது. மாறுபட்ட குறிப்பைப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் பார்க்க எந்த அங்கத்தினருக்கும் வழியில்லை. சட்டத்தை விளக்குவது என்பதற்கு இதைவிடச் சிறந்த மாதிரி நமக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே சிந்து மாகாணமும் பஞ்சாபும் நதி நீருக்காகப் பிணங்கியபோது அந்த விசாரணைக் கமிஷனுக்கும் ராவ்தான் தலைவர். மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரே ஆற்றின் பிள்ளைகள், நதியைப் பொதுச் சொத்தாகக் கருதி நியாயமாகப் பங்கிட வேண்டும் என்ற தத்துவத்தை 1942-ல் அக்கமிஷன் ஏற்றது. சிற்றாற்று அணைக்கட்டுகளில் சண்டை தீர்த்த பெரியவர்களுக்கு அந்தத் தத்துவம் புதிதல்ல. 1944-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சிறிது காலம் காஷ்மீர் சமஸ்தானத்தில் பிரதம மந்திரியாகவும் இருந்துவிட்டு ராவ் டில்லி திரும்பினார்.

1946-ம் வருஷம் ஜூலையில் அவர் அரசியல் சட்ட ஆலோசகராக நியமனம் பெற்றார். சம்பளம் வாங்கவில்லை. சபை டிசம்பர் 9-ந் தேதிதான் முதன்முதலில் கூடிற்று. ஆனால் செப்டம்பர் 2-ந் தேதியே, அடிப்படை உரிமைகளைப் பற்றிய அவருடைய குறிப்பு தயாராகிவிட்டது. உரிமைகளில் கோர்ட்டுக்குப் போய் நிலைநாட்டக்கூடியவை ஒரு வகை, சர்க்கார் நெஞ்சில் வைத்து நடக்க வேண்டியவை மற்றொரு வகை என்று அதில் பிரித்துக் காட்டியிருந்தார். அயர்லாந்து 1937-ல் செய்த ஏற்பாடு அது. இன்று நமது அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் ஒரு பாகமும் வழிகாட்டும் கொள்கைகள் ஒரு பாகமுமாக நிற்பதற்கு விதை அங்கே விழுந்தது.

சபைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலோர் சிறையிலிருந்து வந்தவர்கள். தியாகத்தில் குறைவில்லாதவர்கள், ஆனால் கனடாவில் மாகாணத்துக்கும் மத்திக்கும் அதிகாரம் எப்படிப் பிரிந்தது, ஸ்விட்சர்லாந்தில் மந்திரிகளை நீக்க முடியுமா என்றெல்லாம் படித்துக்கொண்டிருக்க அவர்களுக்கு அவகாசம் ஏது? ராவ் அவர்களுக்காக உலகத்து அரசியல் சட்டங்களிலிருந்து வேண்டிய பகுதிகளைத் திரட்டி, முன்மாதிரிகள் என்ற தலைப்பில் மூன்று தொகுதிகளாக அச்சிட்டுக் கொடுத்தார். 1947-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். ராஷ்டிரத்தின் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, அவரை விலக்குவது எப்படி, சபை ஒன்றா இரண்டா, மந்திரிகள் யாருக்குப் பொறுப்பு என்று கேள்விகள். கேள்வியோடு நின்றுவிடாமல், மற்றத் தேசங்கள் இதற்கு என்ன வழி கண்டன என்ற குறிப்பும் கூட இருந்தது. வழிகளை வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றின் பலனையும் சொல்வார். தமது யோசனையைத் தனியே குறிப்பிடுவார். இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. செய்தி எது, சொந்த அபிப்பிராயம் எது என்று படிப்பவருக்குத் தெரியும்படி எழுதியவர் அவர்.

குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ரசிகமணி டி. கே. சி. நினைவுக்கு வராமலிரார். அவரும் சட்டம் படித்தவர். சென்னை சட்டசபையிலும் 1927 முதல் 1930 வரை இருந்தவர். சட்டத்தை விட்டுவிட்டு, திருநெல்வேலியிலும் பின்னர் குற்றாலத்திலும் தம் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கம்பனை ஒரு பாட்டு ஒரு பாட்டாகப் பிரித்து ருசி காட்டினார். பாட்டைச் சொல் சொல்லாக நிறுத்தி, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது என்று கேட்க வைப்பது அவர் முறை. ராவ் ஷரத்துக்குச் செய்ததும் அதுவே. ஒரு வித்தியாசம் உண்டு. ரசிகமணி தமக்கு உவப்பில்லாத பாட்டைக் கம்பனுடையதல்ல என்று தள்ளிவிடுவார். ராவுக்கு அந்தச் சலுகை இல்லை. தமக்குப் பிடிக்காத யோசனையையும் அதன் முழு பலத்தோடு சபையின் முன் வைக்க வேண்டியிருந்தது.

1947-ம் வருஷம் அக்டோபரில் ராவின் நகல் தயாராயிற்று. சுமார் 240 ஷரத்துகளும் 13 அட்டவணைகளும் கொண்டது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமைந்திருந்த, டாக்டர் அம்பேத்கார் தலைமை வகித்த நகல் கமிட்டி அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பிரித்தும் சேர்த்தும் மாற்றியும் 1948 பிப்ரவரியில் தன் நகலை வெளியிட்டது. அம்பேத்கார் 1949 நவம்பர் 25-ந் தேதி சபையில் பேசுகையில் தமக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு ராவைச் சேரும் என்று திறந்த மனதோடு ஒப்புக்கொண்டார். ஷரத்துகளை மணியான பாஷையில் எழுதிய எஸ். என். முகர்ஜிக்கும் அவ்வாறே பங்கு கொடுத்தார். அரசியல் சட்டத்தை எழுதியது யார் என்று இன்றைக்கும் சிலர் கட்சி கட்டிக்கொண்டு வாதாடுவது அனாவசியம். சபையில் எழுந்து நின்று ஒவ்வொரு ஷரத்துக்கும் பதில் சொல்லி, வசவும் வாங்கி, சட்டத்தை நிறைவேற்றியவர் அம்பேத்கார். அந்த வேலையை ராவ் செய்திருக்க முடியாது.

நகல் எழுதி முடிந்ததும் ராவ் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய தேசங்களுக்குப் போய் அங்குள்ள நீதிபதிகளையும் ராஜதந்திரிகளையும் கலந்துகொண்டு வந்தார். அந்தப் பிரயாணத்தின் பலன்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்றில் சபை அவர் சொன்னதைக் கேட்டது. மற்றொன்றில் கேட்கவில்லை. இரண்டிலும் தேசத்துக்குக் கஷ்டம் வந்தது என்பதுதான் வேடிக்கை.

முதலாவது, தனி மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் பற்றியது. சட்டத்தின் நியாயமான நெறிப்படி அன்றி அவற்றைப் பறிக்கலாகாது என்று சபை 1947-ல் ஏற்றிருந்தது. அது அமெரிக்கச் சொற்றொடர். அங்கே சுப்ரீம் கோர்ட் அந்த வார்த்தைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டம் முறையாக நிறைவேறியதா என்று பார்ப்பதோடு நிற்காமல், சட்டமே நியாயமானதா என்றும் சோதித்தது. தொழிலாளர் நலத்துக்கான சட்டங்கள் சிலவற்றை ஒரு காலத்தில் தள்ளியும் விட்டது. அந்தக் கோர்ட்டின் நீதிபதி பிராங்க்பர்ட்டர், ஜனங்களின் பிரதிநிதிகள் செய்த சட்டத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகள் ரத்து செய்வது ஜனநாயகத்துக்கு உகந்ததல்ல, நீதிபதிகளுக்கும் அது பெரும் சுமை என்று ராவிடம் கூறினார். ராவ் இதைக் கமிட்டிக்கு அறிவித்தார். கமிட்டி நியாயமான நெறி என்பதை எடுத்துவிட்டு, சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட முறை என்று போட்டது. ஜப்பானின் 1946-ம் வருஷத்து அரசியல் சட்டத்திலிருந்து எடுத்த சொற்கள்.

வாசகத்தில் வித்தியாசம் நூலிழை, பலனில் மலை. பழைய வாசகப்படி, ஒருவனைப் பிடித்து அடைக்கிற சட்டம் நியாயமா என்று நீதிபதி கேட்கலாம். புதிய வாசகப்படி, சட்டம் இருக்கிறதா, அதில் சொன்ன முறைப்படி அடைத்தார்களா என்று மட்டும் கேட்கலாம். 1948 டிசம்பரில் சபையில் இதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. விசாரணையின்றிச் சிறையில் வருஷக்கணக்கில் இருந்தவர்கள் அந்தச் சபையில் நிறையப் பேர். நமது காமராஜரே 1942 முதல் 1945 வரை அடைபட்டுக் கிடந்தவர். இரு பக்கத்திலும் அபாயம் இருக்கிறது என்று சொல்லி அம்பேத்கார் முடிவைச் சபையிடமே விட்டார். சபை கமிட்டியின் வாசகத்தை ஏற்றது. 1949 செப்டம்பரில் காவலில் வைக்கப்பட்டவர்களுக்குச் சில பாதுகாப்புகள் தனி ஷரத்தாகச் சேர்க்கப்பட்டன.

அரசியல் சட்டம் அமுலாகி நான்கு மாதம் ஆவதற்குள், 1950 மே 19-ந் தேதி, அதன் பலன் தெரிந்தது. சென்னை ராஜ்யத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கில், சட்டம் இருக்கிறது, அதன்படி அடைத்தார்கள், மேலே கேட்க எங்களுக்கு அதிகாரமில்லை என்ற கருத்தில் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி பஸல் அலி மட்டும் முறை என்பதற்குள் நியாயமும் அடங்கும் என்று மாறுபட்டார். 1978-ல் மேனகா காந்தி வழக்கில் அதே கோர்ட் முறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று வழிக்கு வருவதற்கு 28 வருஷங்கள் பிடித்தன. இடையே 1975-ம் வருஷத்து நெருக்கடி நிலையும் வந்து போயிற்று.

ராவின் வேலையில் நமக்கு உடன்பாடில்லாத இடம் இது. அமெரிக்க நீதிபதியின் எச்சரிக்கை அமெரிக்க அனுபவத்துக்குப் பொருந்தும். சமாதான காலத்திலும் விசாரணையின்றி அடைக்கும் வழக்கம் அங்கே இல்லை. நமது தேசத்தில் ரௌலட் சட்டக் காலத்துக்கு முன்பிருந்தே உண்டு. கோர்ட்டுக்கு அதிக அதிகாரம் கொடுத்தால் நிலச் சீர்திருத்தம் தடைப்படும் என்பது ராவின் பயம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் நிலத்துக்காகச் செய்த வேலியில் மனிதனும் அகப்பட்டுக்கொண்டான். எனினும் பழி முழுவதையும் அவர் தலையில் சுமத்துவதற்கில்லை. அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர் போன்ற பெரிய சட்ட நிபுணர்களும் அதே அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள். தமக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதை ராவ் எழுத்தில் வைத்திருந்ததனால்தான் நாமும் இன்று இதை எடுத்து விமர்சிக்க முடிகிறது. ரகசியமாகக் காதில் ஓதியிருந்தால் யாருக்குத் தெரியும்?

இரண்டாவது விஷயத்தில் அவர் தோற்றார். ஏழைகளின் நன்மைக்காக வழிகாட்டும் கொள்கைகளின்படி சர்க்கார் ஒரு சட்டம் செய்து, அது தனி மனிதனின் அடிப்படை உரிமையோடு மோதினால், பொது நன்மைக்கான சட்டமே நிற்க வேண்டும் என்று ஒரு திருத்தத்தை அவர் யோசனை கூறினார். கமிட்டி ஏற்கவில்லை. ஊற்றுமலை, சிவகிரி முதலிய ஜமீன்களைத் தென்காசிப் பக்கத்தார் அறிவார்கள். ஜமீன்களை ஒழிக்கச் சென்னை சட்டசபை 1948-ல் சட்டம் செய்திருந்தது. மற்ற ராஜ்யங்களிலும் இப்படிப்பட்ட சட்டங்கள் வந்தன. ஜமீன்தார்கள் அடிப்படை உரிமையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். பீஹாரின் சட்டம் பாட்னா ஹைகோர்ட்டில் செல்லாமற் போயிற்று. 1951-ம் வருஷத்தில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் செய்து, இச்சட்டங்களை ஒன்பதாவது அட்டவணை என்ற கோட்டைக்குள் வைக்க நேர்ந்தது. சென்னையின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அதற்குள் இருக்கிறது. ராவின் யோசனைக்கு ஏறக்குறைய ஒப்பான ஷரத்து 1972-ல்தான் அரசியல் சட்டத்தில் புகுந்தது.

தாம் சொன்னது தள்ளப்பட்டதற்காக ராவ் வருத்தப்பட்டு விலகவில்லை. பத்திரிகைக்குப் போய்ச் சபையைக் குறை கூறவும் இல்லை. நேர்மாறாக, 1948-ல் வெளியான நகலைப் பற்றிப் பலரும் எழுப்பிய ஆட்சேபங்களுக்குப் பத்திரிகைகளில் தொடர் கட்டுரை எழுதி விளக்கம் தந்தார். சபைக்குச் செய்த அதே ஊழியத்தை ஓட்டர்களுக்கும் செய்தார் என்று கொள்ளலாம். பர்மா தேசத்தாரும் 1947-ல் தங்கள் அரசியல் சட்டத்துக்கு அவருடைய உதவியை நாடினர்.

இன்று பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தால் அதன் நோக்கங்களும் காரணங்களும் பற்றிய குறிப்பு, ஷரத்துக் குறிப்புகள், செலவுக் குறிப்பு எல்லாம் கூடவே வருகின்றன. 1993 முதல் இலாகாக்களுக்கான நிலைக் கமிட்டிகள் இருக்கின்றன. மசோதாவின் நகலை 30 நாள் ஜனங்களின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய சர்க்கார் ஒரு முடிவும் செய்தது. ஆனால் மசோதாவை எழுதுகிற இலாகாவேதான் அதன் விளக்கக் குறிப்பையும் எழுதுகிறது. மாப்பிள்ளை வீட்டாரே மாப்பிள்ளைக்கு நற்சாட்சி கொடுப்பது போன்றது இது. மசோதா கமிட்டிக்குப் போகாமலே நிறைவேறும் சந்தர்ப்பங்களில், தென்காசித் தொகுதியின் அங்கத்தினரானாலும் வேறு எந்தத் தொகுதியின் அங்கத்தினரானாலும், அவர் கையில் இருப்பது அந்த நற்சாட்சி ஒன்றே. ராவ் எந்த இலாகாவுக்கும் ஊழியர் அல்லர். சபை முழுவதற்கும் ஊழியர்.

பிறகு அவர் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தில் இந்தியாவின் பிரதிநிதியானார். 1950 ஜூனில் கொரியாவில் யுத்தம் மூண்டபோது பாதுகாப்புக் கவுன்ஸிலின் தலைமை முறை இந்தியாவுடையது; அவரே தலைமை வகித்தார். 1952-ல் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். 1953-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரில் காலமானார். வயது 66. மூன்று மாதத்துக்குள், 1954 பிப்ரவரியில், ரசிகமணியும் குற்றாலத்தில் மறைந்தார். ராவின் குறிப்புகளைச் சகோதரர் சிவ ராவ் தொகுத்து 1960-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அவருடைய கமிட்டி எழுதிய ஹிந்து சட்டக் கோவை அவர் கண் மூடும்போது சட்டமாகியிருக்கவில்லை. பழைய பார்லிமெண்டில் அது நிறைவேறாமல் இழுபட்டது. அதைக் கொண்டு செலுத்திய அம்பேத்கார் 1951-ல் மந்திரி பதவியை விட்டு விலகினார். பிறகு கோவையை நான்காகப் பிரித்து நிறைவேற்றினார்கள். வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ந் தேதி அமுலுக்கு வந்தது. விதவைக்குக் கிடைத்த பங்கு ஆயுள் பங்காக இல்லாமல் முழு உரிமையாயிற்று; தகப்பன் விட்டுச் சென்ற தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-லும் தேசம் முழுவதிலும் 2005-லும் வந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டைத் தாலுகாவின் பெரும் பகுதி சென்னை ராஜ்யத்தில் திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது. அதற்குள் தென்காசி வயலுக்கும் செங்கோட்டை வயலுக்கும் வாரிசுச் சட்டம் ஒன்றாகியிருந்தது.